குந்தியிருந்து கற்ற வித்தை

பேஸ்பாலில் பந்து வீசும் அணியின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஹோம் பிளேட்டைப் பார்த்து நிற்பார்கள். ஒன்பதாவது ஆள் மட்டும் பிளேட்டுக்குப் பின்னால் குந்தியபடி அந்த எட்டுப் பேரையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் கேட்சர். விக்கெட் கீப்பர் மாதிரி என்று சொன்னால் நம்மவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. ஃபாஸ்ட் பாலா, கர்வா, உள்ளேயா, வெளியேயா என்று ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் தொடைகளுக்கு நடுவே விரலைக் காட்டி பிட்சருக்குச் சொல்வது அவர் வேலை. ஓர் ஆட்டத்தில் நூறு பந்துக்கு மேல் போகும். நூறு முறையும் முதலில் முடிவெடுப்பவர் முகமூடிக்குள் இருக்கிறார். பெயர் கிடைப்பது மேட்டில் நிற்கிற பிட்சருக்கு.

கல்லூரி அணியில் தொடங்கி நானும் பல வருஷம் அந்த இடத்தில் குந்தியவன். முழங்கால் இனி வேண்டாம் என்று சொன்ன பிறகு, பிள்ளைகளுக்குக் கேட்சிங் சொல்லிக்கொடுக்கிறேன். யாரைப் பார்த்துப் படிக்கலாம் என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்கிற பெயர் ராய் காம்பனெல்லா. 1948 முதல் 1957 வரை ப்ரூக்ளின் டாட்ஜர்ஸின் கேட்சர். அவர்கள் உடனே போனை எடுத்துத் தேடுவார்கள். 242 ஹோம் ரன். 1951, 1953, 1955 என மூன்று முறை நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1953-ல் மட்டும் 41 ஹோம் ரன், 142 ரன்களை அடித்து உள்ளே கொண்டுவந்தது. அந்த 41-ல் 40 கேட்சராக ஆடிய ஆட்டங்களில் அடித்தவை. கேட்சர்களில் அந்தக் கணக்கை 1996 வரை யாரும் தாண்டவில்லை.

எல்லாம் உண்மை. ஆனால் இவை மட்டையின் கணக்குகள். பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடக் கூடாது என்று எனக்குப் பதைப்பாக இருக்கும். அடிக்கிறவர்கள் எத்தனையோ பேர் வந்துபோனார்கள். பிளேட்டுக்குப் பின்னால் காம்பனெல்லா செய்ததை மதிப்பெண் அட்டை எழுதவில்லை. நாம்தான் தேடிப் படிக்க வேண்டும்.

1921 நவம்பரில் பிலடெல்பியாவில் பிறந்தவர். அப்பா இத்தாலிய வம்சாவளி, அம்மா கறுப்பினத்தவர். பதினைந்து வயதிலேயே பணத்துக்கு ஆடத் தொடங்கினார். 1937-ல் வாஷிங்டன் எலீட் ஜயண்ட்ஸ் என்ற நீக்ரோ லீக் அணிக்குப் போனார். பதினாறு முடிந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டார். அன்றைக்குப் பெரிய லீகுகளில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத தடை; ஆனாலும் அரை நூற்றாண்டாக யாரும் மீறாத தடை. ஆகவே திறமையுள்ள கறுப்பினத்தவர்கள் அவர்களுக்கென்று இருந்த லீகுகளில் ஆடினார்கள். ஊர் ஊராகப் பஸ்ஸில் போய், இறங்கி ஆடி, மறுபடி பஸ்ஸில் ஏறித் தூங்கி, அடுத்த ஊரில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடிய வாழ்க்கை அது.

அந்த அணியில் அவருக்குக் கிடைத்தவர் பிஸ் மேக்கி. கேட்சரும் அவரே, மேனேஜரும் அவரே. நீக்ரோ லீகுகளின் மிகச் சிறந்த தடுப்புக் கேட்சர் என்று அந்தக் காலத்தவர் சொன்னவர். நாற்பதை எட்டிக்கொண்டிருந்த மனிதர், தன் இடத்துக்கு வரப்போகிற பையனுக்குத் தனக்குத் தெரிந்த அத்தனையையும் சொல்லிக்கொடுத்தார். விளையாட்டில் இது எவ்வளவு அரிது என்று அணிக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும். இரண்டாவது கேட்சருக்கு ரகசியம் சொல்லாத முதல் கேட்சர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேக்கியின் பள்ளியில் இன்னொரு பாடம் தானாகவே வந்தது. எச்சில் தடவிய பந்து, உரசிச் சொரசொரப்பாக்கிய பந்து, மினுக்கிய பந்து என்று பெரிய லீகுகள் 1920-லேயே தடைசெய்துவிட்ட வித்தைகள் எல்லாம் நீக்ரோ லீகுகளில் தாராளமாக நடந்தன. எச்சில் பந்து கடைசி நேரத்தில் எந்தப் பக்கம் விழும் என்று வீசியவருக்கே நிச்சயமில்லை. அதைப் பதினாறு வயதில் தினமும் பிடித்துப் பழகிய பையனுக்கு, பிற்பாடு எந்தப் பந்துதான் கஷ்டம்? டாட்ஜர்ஸில் அவரோடு ஆடிய பிரீச்சர் ரோ, ஓய்வு பெற்றபின் 1955-ல், தான் வருஷக்கணக்கில் எச்சில் பந்து வீசியதைப் பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். அதைப் படித்தபோது நான் ரோவை நினைக்கவில்லை. அத்தனை எச்சில் பந்துகளையும் முகம் மாறாமல் வாங்கி, சாதாரணப் பந்து போல அம்பயரின் கண்முன்னே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவரைத்தான் நினைத்தேன்.

கைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய கேட்சரின் மிட் நடுவில் மடங்கும். பந்து விழுந்ததும் வாய் மூடுவதுபோல மூடிக்கொள்ளும். அதனால் ஒரு கையாலேயே பிடிக்கிறோம். வெறுங்கையை முதுகுக்குப் பின்னாலோ காலுக்குப் பின்னாலோ ஒளித்துவைக்கிறோம். 1960-களின் பிற்பகுதியில் ராண்டி ஹண்ட்லி, ஜானி பெஞ்ச் போன்றவர்கள் பரப்பிய வழி இது. காம்பனெல்லா காலத்து மிட் வட்டமான, தடித்த திண்டு. நடுவில் ஒரு குழி, அவ்வளவுதான். பந்து குழியில் விழுந்த கணத்தில் வலக்கையால் மூடாவிட்டால் வெளியே துள்ளிவிடும். எனவே வெறுங்கையும் பந்தின் பாதையிலேயே இருந்தாக வேண்டும். மட்டையில் லேசாக உரசித் திசைமாறும் ஃபவுல் டிப் நேராக அந்த விரல்களில்தான் வந்து மோதும். பந்தின் எடை 140 கிராமுக்குச் சற்று மேல். வேகம் மணிக்கு 90 மைல் அளவில். பழைய கேட்சர்களின் வலக்கைப் படங்களைப் பார்த்தால் விரல்கள் கோணல்மாணலாக, முட்டி முட்டியாக இருக்கும்.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. வெறுங்கையைத் தளர்வான முஷ்டியாக மூடி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மிட்டை ஒட்டி வைத்துக்கொள்வது. பந்து மிட்டில் பட்ட பிறகுதான் விரிப்பது. சொல்ல எளிது. பந்து வரும்போது கை தானாக விரியும். முஷ்டியை விரியாமல் காக்க மனத்துக்குள் ஓர் அமைதி வேண்டும். என் பயிற்சியில் இன்றும் புதுப்பிள்ளைகளுக்குப் பழைய முறைப்படி இரண்டு கையால் பிடிக்கச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். பந்தைக் கடைசிவரை பார்க்க அதைவிட நல்ல பழக்கம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது எறிதல். பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸ் 127 அடிக்குச் சற்று மேல். முதல் பேஸில் இருப்பவன் ஓடத் தொடங்கிவிட்டால், பந்து மிட்டில் விழுந்து அங்கே போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு விநாடிதான் உண்டு. பலம் இருந்தால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பந்தைப் பிடிப்பதற்கு முன்பே கால் அசையத் தொடங்க வேண்டும். மிட்டிலிருந்து பந்து காதருகே போகும் வழி குறுகியிருக்க வேண்டும். மேக்கியிடமிருந்து வந்த பாடம் இதுதான்: உட்கார்ந்த நிலையிலிருந்தே, கையைப் பின்னுக்கு இழுக்காமல் எறிவது. காம்பனெல்லா ஐந்தடி ஒன்பது அங்குலம், உருண்ட உடம்பு, தொண்ணூறு கிலோவை ஒட்டிய எடை. அந்த உடம்பு, மட்டையால் மெல்லத் தட்டிவிடும் பன்ட் பந்தின் மேல் பாய்ந்த வேகத்தைப் பூனையோடு ஒப்பிடாதவர் இல்லை. டாட்ஜர்ஸில் ஆடிய வருஷங்களில் அப்படி ஓடி அடுத்த பேஸைத் திருட முயன்றவர்களில் 57 சதவீதம் பேரை அவர் எறிந்து அவுட்டாக்கினார். பெரிய லீகுகளின் வரலாற்றில் அதுதான் உச்சம். மூன்றில் ஒருவரைப் பிடித்தாலே நல்ல கேட்சர் என்கிற ஆட்டம் இது. மட்டைக் கணக்கைத் தேடும் பிள்ளைகளிடம் நான் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்கிற ஒரே எண் இந்த 57.

1945 அக்டோபரில் டாட்ஜர்ஸின் தலைவர் பிரான்ச் ரிக்கி அவரைக் கூப்பிட்டு மணிக்கணக்கில் பேசினார். புதிதாகத் தொடங்கப்போவதாகச் சொல்லப்பட்ட ஒரு கறுப்பின அணிக்கு அழைக்கிறார் என்று நினைத்து காம்பனெல்லா மறுத்துவிட்டார். சில நாள் கழித்து, தான் டாட்ஜர்ஸ் நிறுவனத்தில் கையெழுத்திட்டுவிட்டதாக ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரர் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. அடுத்த ஆண்டு டான் நியூகமுடன் நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா ஊர் அணிக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஒரு நாள் மேனேஜர் வால்ட்டர் ஆல்ஸ்டனை அம்பயர் வெளியே அனுப்பிவிட்டார். ஆல்ஸ்டன் பொறுப்பைக் காம்பனெல்லாவிடம் விட்டுப் போனார். காம்பனெல்லா பிட்சரான நியூகமை மட்டை பிடிக்க அனுப்பினார், நியூகம் ஹோம் ரன் அடித்தார், அணி வென்றது. அக்காலத் தொழில்முறை பேஸ்பாலில் வெள்ளையர் அணியைக் கறுப்பினத்தவர் ஒருவர் நடத்தியது அதுவே முதல் முறை என்று வரலாறு எழுதுவோர் குறிக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. ஆட்டம் முழுவதையும் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவன் கேட்சர். அந்த இடத்திலிருந்து மேனேஜராவது ஓர் அடி தூரம்தான்.

1948-ல் ப்ரூக்ளின். சில வாரங்களிலேயே, மினசோட்டாவின் செயின்ட் பால் அணியில் நிறத்தடையை உடைப்பதற்காக ரிக்கி அவரைக் கீழே அனுப்பினார். 35 ஆட்டத்தில் 13 ஹோம் ரன் அடித்து ஜூலையில் திரும்பினார். அதற்குப் பிறகு அந்த இடம் பத்தாண்டுக்கு அவருடையது.

பிட்சர்களை அவர் நடத்திய விதம்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நியூகம் பிரம்மாண்டமான ஆள், சுலபமாகச் சோர்ந்துபோகிறவர். அவரிடம் போய், இவ்வளவுதானா உன் வேகம் என்று சீண்டி, கோபத்தில் அடுத்த பந்தை இன்னும் வேகமாக வீசவைப்பாராம். கார்ல் எர்ஸ்கைன் மென்மையானவர். அவருக்கு அந்த வழி ஆகாது. எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத எர்ஸ்கைனின் இரண்டு நோ-ஹிட்டர் ஆட்டங்களிலும், 1952-லும் 1956-லும், பிளேட்டுக்குப் பின்னால் இருந்தவர் காம்பனெல்லா. 1956 செப்டம்பரில் சால் மாக்லி வீசிய நோ-ஹிட்டரிலும் அவரே. மூன்றும் பிட்சர்களின் பெயரில் இருக்கின்றன. கேட்சர் அதைக் கேட்டு வருந்தினால் அவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

ஒரே ஓர் ஆட்டத்தைப் படிக்க வேண்டுமென்றால் 1955 அக்டோபர் 4-ஐ எடுத்துக்கொள்ளச் சொல்வேன். வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம், யாங்கீ மைதானம். டாட்ஜர்ஸ் அதற்கு முன் யாங்கீஸிடம் ஐந்து முறை வேர்ல்ட் சீரிஸ் தோற்றிருந்தார்கள். ஒரு முறைகூட வென்றதில்லை. வீச வந்தவர் ஜானி போட்ரஸ். இருபத்து மூன்று வயது முடிந்து நான்கே நாள். அந்த வருஷம் ஒன்பது வெற்றி, பத்துத் தோல்வி. காகிதத்தில் பார்த்தால் இவரை நம்பி யார் வீசக் கொடுப்பார்கள்?

மூன்றாவது ஆட்டத்தில் போட்ரஸ் வென்றது சேஞ்ச்-அப்பால். வேகப்பந்தின் அதே கைவீச்சில் மெதுவாக வரும் பந்து. யாங்கீஸ் அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஏழாவது ஆட்டத்துக்கு வந்தார்கள். ஆனால் அக்டோபர் பிற்பகலில் அந்த மைதானத்தின் நிழல் பிட்சருக்கும் பிளேட்டுக்கும் நடுவில் விழும். வெயிலிலிருந்து புறப்பட்ட பந்து நிழலுக்குள் வரும்போது மட்டையாளருக்குக் கண் கலங்கும். அன்றைக்குப் போட்ரஸ் வேகப்பந்தை அதிகம் நம்பினார். எதிரி எதற்குக் காத்திருக்கிறான், சூரியன் எங்கே இருக்கிறது, இந்தப் பையனின் கையில் இன்றைக்கு எது இருக்கிறது என்ற மூன்றையும் ஒன்றாகப் பார்த்து விரல் காட்டத் தெரிந்த ஒருவர் எதிரே இருந்தார்.

நான்காவது இன்னிங்ஸில் காம்பனெல்லா இரட்டை அடி அடித்தார். கில் ஹாட்ஜஸின் அடியில் முதல் ரன்னாக உள்ளே வந்தார். ஆறாவதில் இரண்டு பேர் பேஸில் இருக்க, அந்த வருஷத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெறப்போகிற மனிதர், மட்டையைப் படுக்கவைத்து பன்ட் செய்து தான் அவுட்டானார். ஓடுபவர்கள் ஒரு பேஸ் முன்னேறினார்கள். அந்த இன்னிங்ஸில் இரண்டாவது ரன் வந்தது. ஹோம் ரன்னுக்குப் பெயர்போனவர் அந்தப் பெரிய நாளில் அதைச் செய்ததைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், எல்ஸ்டன் ஹோவர்ட் மட்டை பிடிக்கிறார். காம்பனெல்லா வேகப்பந்துக்கு விரல் காட்டினார். நாள் முழுவதும் அவர் சொன்னபடியே வீசிய போட்ரஸ், வேண்டாம் என்று தலையசைத்தார். சேஞ்ச்-அப் வீசினார். ஹோவர்ட் அதைத் தரையில் உருட்டினார், பீ வீ ரீஸ் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார், 2-0. ப்ரூக்ளினின் முதல் சாம்பியன் பட்டம். ப்ரூக்ளினில் இருந்தவரை ஒரே பட்டமும் அதுதான்.

அந்தத் தலையசைப்பைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். இருபத்து மூன்று வயதுப் பையன், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, மூத்த கேட்சரிடம் இல்லை என்று சொல்கிற தைரியம் எங்கிருந்து வந்தது? எட்டரை இன்னிங்ஸ் அவனைச் சரியாக நடத்திக் கொண்டுவந்ததால் வந்தது என்பது என் எண்ணம். கேட்சர் பிட்சருக்குப் பயத்தைக் கொடுத்திருந்தால், அந்தக் கடைசிப் பந்தில் அவன் தனக்குப் பிடிக்காததைக் கைதளர்ந்து வீசியிருப்பான். பிட்சர் மறுத்ததும் காம்பனெல்லா வாதாடவில்லை. மிட்டை நகர்த்தி, சேஞ்ச்-அப்பை வாங்கத் தயாரானார். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் பிட்சர் தலையசைத்தால் முகம் சுளிப்பார்கள். அப்போதெல்லாம் இந்தப் பந்தைத்தான் சொல்கிறேன்.

அந்த ஆட்டத்துக்கு முந்தைய வருஷம், 1954-ல், இடக்கையில் எலும்பு பெயர்ந்து நரம்பு பாதிக்கப்பட்டு, அறுவைச் சிகிச்சைகள் ஆகி, அந்த வருஷம் மட்டை சராசரி .207-க்கு விழுந்தது. அடுத்த வருஷம் .318 அடித்து மூன்றாவது விருதை வாங்கினார். மிட் போடும் கை மரத்துப்போன நிலையில் கேட்சிங் செய்வது எப்படி இருக்கும் என்று இந்த வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். பந்து எங்கே பட்டது என்று கை சொல்லாது. சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1957 முடிந்ததும் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தார்கள். அந்த நகரத்தில் காம்பனெல்லா ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 1958 ஜனவரி 28 அதிகாலையில், ஹார்லெமில் இருந்த தன் மதுக்கடையை மூடிவிட்டு லாங் ஐலண்டிலிருந்த வீட்டுக்கு வாடகைக் காரில் திரும்பும்போது, பனி உறைந்த வளைவில் கார் சறுக்கி ஒரு கம்பத்தில் மோதிக் கவிழ்ந்தது. கழுத்தெலும்பு முறிந்தது. தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது. வயது முப்பத்தாறு. நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கின் மறுவாழ்வு நிலையத்தில் நீண்ட பயிற்சிக்குப் பிறகு கைகளில் ஓரளவு அசைவு திரும்பியது. தானே சாப்பிடவும், கைகுலுக்கவும், பேசும்போது கையசைக்கவும் முடிந்தது. கால்கள் திரும்பவில்லை.

1959 மே 7-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியத்தில் அவருக்காக டாட்ஜர்ஸும் யாங்கீஸும் ஒரு காட்சி ஆட்டம் ஆடினார்கள். 93,103 பேர் வந்தார்கள். ரீஸ் அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர, விளக்குகளை அணைத்துவிட்டு மக்கள் ஆளுக்கொரு தீக்குச்சி கொளுத்தினார்கள். அவர் தங்கள் நகரத்துக்காக ஆடியதைப் பார்த்தேயிராத மக்கள். இதை எழுதாதவர் இல்லை. அதனால் நான் நீட்டவில்லை.

எனக்குப் பெரிதாகப்படுவது அதற்குப் பின் வந்த வருஷங்கள். புளோரிடாவின் வேரோ பீச்சில் அப்போது டாட்ஜர்ஸின் வசந்தகாலப் பயிற்சி முகாம் இருந்தது. அங்கே சக்கர நாற்காலியில் அவர் உட்காரும் இடத்துக்கு ‘காம்பியின் புல்பென்’ என்றே பெயர் வந்துவிட்டது. இளம் கேட்சர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். மைக் சியோசா அப்படிக் கேட்டவர்களில் ஒருவர். 1981-லும் 1988-லும் சாம்பியன் பட்டம் வென்ற டாட்ஜர்ஸின் கேட்சர், பிறகு 2002-ல் ஏஞ்சல்ஸ் அணிக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்த மேனேஜர்.

நினைத்துப் பாருங்கள். குந்திக் காட்ட முடியாது. எறிந்து காட்ட முடியாது. மிட்டை மாட்டிக்கொள்ள முடியாது. பயிற்சியாளர்களான நாங்கள் வாயால் முடியாதபோது உடம்பால் செய்துகாட்டித் தப்பித்துக்கொள்கிறோம். அவருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. தன் தசைகளுக்குத் தெரிந்திருந்த ஒவ்வொன்றையும் பேச்சாக்கிச் சொல்ல வேண்டியிருந்தது: எந்தக் காலில் எடை, எப்போது தோள் திரும்ப வேண்டும், எந்த மட்டையாளரின் எந்த அசைவு எதைக் காட்டிக்கொடுக்கிறது. என் முழங்கால் ஓய்ந்தபோது, இனி என்னால் எதைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்ற கேள்வி எனக்கும் வந்தது. வேரோ பீச்சைப் பற்றிப் படித்த பிறகு அந்தக் கேள்வி போய்விட்டது. இப்போது நாற்காலி போட்டுத்தான் பயிற்சி நடத்துகிறேன். முன்பைவிட அதிகமாகப் பார்க்கிறேன், பார்த்ததைச் சொல்லவும் வருகிறது.

1969-ல் கூப்பர்ஸ்டவுனின் ஹால் ஆஃப் ஃபேமில் காம்பனெல்லா சேர்க்கப்பட்டார். 1972-ல் ராபின்சனின் 42, பிட்சர் சாண்டி கோஃபாக்ஸின் 32 எண்களோடு அவருடைய 39-க்கும் டாட்ஜர்ஸ் ஓய்வு கொடுத்தார்கள். 1993 ஜூன் 26-ல், எழுபத்தொரு வயதில் காலமானார்.

கொலிசியத்தின் அந்த இரவில், அப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் வாழ்ந்துகொண்டிருந்த பிஸ் மேக்கியை, அந்தக் கூட்டத்துக்கு அறிமுகம் செய்யவைத்தார் காம்பனெல்லா. மேக்கி 1965-ல் இறந்தார். ஹால் ஆஃப் ஃபேம் அவரைத் தேர்ந்தெடுத்தது 2006-ல், மாணவர் உள்ளே போய் முப்பத்தேழு வருஷம் கழித்து. என் பிள்ளைகளுக்கு மூடிய முஷ்டியையும் பின்னுக்கு இழுக்காத எறிதலையும் சொல்லிக்கொடுக்கும்போது காம்பனெல்லாவின் பெயரைச் சொல்கிறேன்; அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவர்கள் கேட்கும்வரை காத்திருந்து மேக்கியின் பெயரைச் சொல்கிறேன். அநேகமாக எல்லாரும் கேட்டுவிடுகிறார்கள்.